ஜாடியில் வைத்த பூ வாடினால் முதலில் காம்பின் அடியைப் பாருங்கள்

ஓசூரில் ஒரு கட்டு தாஜ்மஹால் ரோஜா வாங்கினேன். கட்டுக்கு இருபது பூ. எல்லாம் இறுக்கமான மொட்டு, அட்டை சுற்றி அழகாகக் கட்டியிருந்தார்கள். நான்கு மணி நேரம் பேருந்தில் மேல்தட்டில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் அட்டையைப் பிரித்து, அப்படியே ஜாடித் தண்ணீரில் இறக்கினேன். இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பதினொரு பூ தலையைத் தொங்கப் போட்டிருந்தது. தண்ணீரோ கழுத்துவரை இருந்தது.

பக்கத்துத் தெருவில் பொக்கே கட்டும் பெரியவர் ஒருவர் மறுநாள் அதைப் பார்த்தார். பூவைத் தொடவே இல்லை. ஒரு காம்பை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாய் அடைச்சிருக்கு, எங்கேருந்து குடிக்கும்?” என்றார். அன்றிலிருந்து என் வீட்டில் எந்தப் பூ வாடினாலும் நான் முதலில் பார்ப்பது காம்பின் அடியைத்தான். கீழே சொல்லியிருப்பவற்றில் சில அங்கேதான் போய் முடியும். உங்கள் பூவுக்கு என்ன ஆகியிருக்கிறதோ அந்தத் தலைப்பிலிருந்து படித்தால் போதும்.

வைத்த அன்றே ரோஜாவின் தலை தொங்கிவிட்டது

பூ பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதழ் விறைப்பாக இருந்து கழுத்து மட்டும் மடிந்திருந்தால், அந்தப் பூ தாகத்தில் இருக்கிறது. செடியிலிருந்து வெட்டியதும் காம்புக்குள் இருக்கும் மெல்லிய நீர்க்குழாய்களில் காற்று புகுந்துவிடுகிறது. இலையும் இதழும் மேலே தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். கீழே காற்றுக்குமிழி வழியை மறிக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. பூவுக்குக் கீழே காம்பு இன்னும் முற்றாத இடம் அதுதான், அதனால் முதலில் சாய்கிறது.

செய்ய வேண்டியது இது. அகலமான பேசினில் கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பின் அடியைத் தண்ணீருக்குள் முக்கி, முக்கியபடியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் வெட்டினால் வெட்டுவாய் வழியாக மறுபடி காற்று புகாது. சாய்வாக வெட்டினால் காம்பு ஜாடியின் அடியில் சப்பென்று ஒட்டி உட்காராது. கத்தரி கூர்மையாக இருக்கட்டும். சமையலறையில் பால் பாக்கெட் வெட்டும் மழுங்கிய கத்தரி காம்பை நசுக்கும், நசுங்கிய குழாய் உறிஞ்சாது. காம்பின் அடியைச் சுத்தியலால் தட்டிவிடச் சொல்லும் பழைய வழியும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. நசுங்கிய இடத்தில் அழுகல்தான் சீக்கிரம் வருகிறது.

வெட்டியதும் பூக்களைச் செய்தித்தாளில் நேராக நிமிர்த்திச் சுருட்டுங்கள். கழுத்து வளையாமல் தாள் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுருளை ஆழமான வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். மிகவும் சோர்ந்த பூ என்றால் அதற்கு முன் முழுப் பூவையும் காம்போடு படுக்க வைத்து அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிடலாம். இப்படிச் செய்து அந்தப் பதினொன்றில் எட்டு எழுந்து நின்றன. மூன்று எழவில்லை. கழுத்தில் தோல் சுருங்கி, கறுத்த கோடு விழுந்துவிட்டால் அப்புறம் எதுவும் உதவாது. அந்தப் பூவைக் கழுத்தோடு வெட்டித் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், இரண்டு நாள் இருக்கும்.

இனி வாங்கும்போது ஈரத்துணி சுற்றித்தான் எடுத்து வாருங்கள். ஜாடியில் வைக்கும் முன் வாளியில் குறைந்தது இரண்டு மணி நேரம் குடிக்கவிடுங்கள். அவசரத்தில் நாம் எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான்.

தண்ணீர் கலங்கி நாறுகிறது, காம்பு கொழகொழவென்று இருக்கிறது

தண்ணீருக்குள் முங்கிய இலை அழுகி, அதில் பாக்டீரியா பெருகியிருக்கிறது. கொழகொழப்பு அவற்றின் வேலைதான், அதுவே காம்பின் வாயை அடைக்கிறது. நாற்றத்தை நாம் பொறுத்துக்கொள்ளலாம், பூவுக்கு அது மூச்சடைப்பு மாதிரி. இன்று நாறினால் நாளை தலை தொங்கும்.

வெறும் தண்ணீரை மாற்றுவது போதாது. பூவை எல்லாம் எடுத்து, காம்புகளைக் குழாயடியில் விரலால் உருவிக் கழுவுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடியை மறுபடி வெட்டுங்கள். ஜாடியைப் பாத்திரம் துலக்கும் சோப்பால் தேயுங்கள். கை நுழையாத கழுத்து என்றால் ஒரு பிடி அரிசி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போட்டு, வாயைப் பொத்திக் குலுக்குங்கள். அரிசி உள்சுவரைத் தேய்த்துக் கொடுத்துவிடும். பூ கெட்ட ஜாடியில் கழுவாமல் புதுப் பூ வைப்பது, திரிந்த பால் பாத்திரத்தில் புதுப் பாலை ஊற்றுவது போல.

தண்ணீரில் என்ன கலக்கலாம் என்று பலர் கேட்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் துணி வெளுக்கும் திரவ பிளீச். சர்க்கரை பூவுக்கு உணவு. எலுமிச்சை தண்ணீரை லேசாகப் புளிக்கச் செய்கிறது, புளித்த தண்ணீரைக் காம்பு சுலபமாக உறிஞ்சும். பிளீச் பாக்டீரியாவைத் தடுக்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் பயன். சர்க்கரையை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து வைத்ததாகிவிடும். ஒரு எச்சரிக்கை: எலுமிச்சைச் சாற்றையும் பிளீச்சையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஒன்றை முழுத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுத்தது. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், அதுவே முக்கால் வேலையைச் செய்யும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ரோஜாவுக்குக் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். வாட்டர் சாஃப்டனர் வழியாக வரும் தண்ணீரில் சோடியம் ஏறியிருக்கும், அது ரோஜாவுக்கு ஆகாது.

இதோடு சேர்த்து ஒன்று. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட மிகவும் விரும்பும் இடங்களில் பூ ஜாடியும் ஒன்று. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஜாடியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டால் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல், உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஜெர்பெரா நடுவில் மடிந்து விழுகிறது

ஜெர்பெராவின் காம்பு உள்ளே பொள்ளல், வெளியே பூனைமயிர். ஆழமான தண்ணீரில் நிறுத்தினால் முங்கிய பகுதி முழுவதும் அழுகும். ரோஜாவுக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள். ஜாடியில் ஐந்து சென்டிமீட்டர், மிஞ்சினால் எட்டு சென்டிமீட்டர் தண்ணீர் போதும், தினமும் மாற்ற வேண்டும். கடையில் காம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழாயோ கம்பியோ போட்டுத் தருவார்கள். அதைக் கழற்றிவிட்டால் கனமான தலையைத் தாங்க முடியாமல் காம்பு வளைகிறது. கழற்றத்தான் வேண்டும் என்றால் கழுத்துக் குறுகிய ஜாடியாகப் பார்த்து, ஜாடியின் விளிம்பே தாங்கும்படி காம்பைக் குட்டையாக வெட்டி வையுங்கள். குட்டையான ஜெர்பெரா ஐந்தை எவர்சில்வர் டம்ளரில் வைத்துப் பாருங்கள். எனக்கு அது பெரிய பொக்கேயைவிடப் பிடிக்கும்.

ரோஜா மொட்டு விரியவே இல்லை

வெளி இதழ்கள் பச்சை கலந்து, ஓரம் பழுப்பேறி, முரட்டுத்தனமாக இருந்தால் அவை உள்ளே இருக்கும் இதழ்களுக்குக் காவல் இதழ்கள். நோய் இல்லை. இரண்டு மூன்றை அடியோடு பக்கவாட்டில் இழுத்து எடுத்துவிடுங்கள், பூவும் விரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் கல் மாதிரி இருந்தால் மிக இளசாக வெட்டிய மொட்டு. அது விரியாது. வாங்கும்போது மொட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது அமுங்க வேண்டும்.

தண்ணீர் சுத்தம், காம்பும் சுத்தம், ஆனாலும் கார்னேஷன் இரண்டே நாளில் சுருங்கிவிட்டது

இதுதான் பலரைக் குழப்புவது. கார்னேஷன் நல்ல ஆயுள் உள்ள பூ. ஊட்டிப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து வருவது பத்து நாளுக்கு மேல் நிற்க வேண்டும். திடீரென்று இதழ்கள் எல்லாம் உள்நோக்கிச் சுருண்டு, பூ தூங்கப் போனது போல ஆகிவிட்டால், ஜாடியை விட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் பழத்தட்டு இருக்கிறதா? ஜாடி பூஜை அலமாரிக்கு அருகில் இருக்கிறதா?

பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. புகையிலும் அது இருக்கிறது. நம் ஊரில் வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அதே வேலையை ஊதுபத்திப் புகை கார்னேஷனுக்குச் செய்கிறது: சீக்கிரம் முதுமை. இந்த வாயு செடியைப் பாதிக்கிறது என்று கண்டுபிடித்த கதையும் ஒரு கோணல் செடியில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்துக்குள் முளைத்த பட்டாணி நாற்று மட்டும் ஏன் கோணலாக வளர்கிறது என்று தேடினார். விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீனே காரணம் என்று தெரிந்தது. செடியைக் குறை சொல்லாமல் அறையில் தேடினார் பாருங்கள், அதுதான் நாமும் செய்ய வேண்டியது.

சுருண்ட கார்னேஷன் திரும்ப விரியாது. மற்றவற்றைக் காப்பாற்ற, வாடிய பூக்களை உடனே எடுங்கள். வாடும் பூவே எத்திலீனை விடும், ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். ஜாடியைப் பழத்தட்டிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றுங்கள். ஆர்க்கிட் பூவுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

இதழின் ஓரம் கருகிப்போகிறது

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். முதலாவது மின்விசிறி. நேர்க்காற்றிலும் ஏசி காற்றிலும் இதழ் ஓரம் காய்ந்து நொறுங்கும். இடம் மாற்றினால் சரி.

இரண்டாவது தண்ணீர். கிளாடியோலஸ், ஜெர்பெரா இரண்டுக்கும் ஃப்ளோரைடு ஆகாது, ஓரம் எரிந்தது போல ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்தப் பக்கம் உள்ளவர்கள் இந்த இரண்டு பூவுக்கும் கிணற்று நீரைத் தவிர்த்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மூன்றாவது ஃபிரிட்ஜ். ரோஜாவையும் கார்னேஷனையும் இரவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம், உள்ளே பழம் இல்லாதவரை. ஆந்தூரியமும் ஆர்க்கிட்டும் வெப்பமான காட்டுப் பூக்கள். குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்தாலே கறுத்துவிடும்.

ஓரம் கருகாமல், இதழ்மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்து பஞ்சு போலப் படர்ந்தால் அது பூஞ்சை. இதழில் ஈரம் நின்றதால் வருவது. பூவின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சரத்துக்குத்தான் தெளிப்பு வேண்டும், அது காம்பில்லாத பூ. ஜாடிப் பூ காம்பு வழியாகக் குடித்துக்கொள்ளும்.

கிளாடியோலஸ் நுனி வளைந்துவிட்டது, சம்பங்கி கீழேயிருந்து வாடுகிறது

கிளாடியோலஸைப் படுக்க வைத்தால் நுனி வானத்தைப் பார்த்து எழும்பும். அது அதன் இயல்பு. வளைந்த நுனி நிமிராது, கிள்ளி எடுத்துவிடுங்கள். கீழ்ப் பூக்கள் இன்னும் நன்றாக விரியும். இனி வண்டியிலும் வீட்டிலும் நிறுத்தியே வையுங்கள்.

சம்பங்கிக் கதிர் கீழேயிருந்து மேலே பூக்கும், ஆகவே கீழேயிருந்துதான் வாடும். வாடியதைத் தினமும் கிள்ளிவிட்டு அடியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வந்தால் மேல் மொட்டுகளும் பூக்கும். நிலக்கோட்டைச் சந்தையில் உதிரியாகக் கிலோவுக்கு வாங்கும் சம்பங்கி மாலைக்கானது, ஜாடிக்குக் கதிரோடு கேட்டு வாங்க வேண்டும்.

சாமந்தி பூ நன்றாக இருக்கிறது, இலை மஞ்சளாகிவிட்டது

சாமந்தியில் பூவுக்கு முன் இலைதான் முதுமையடையும். இலையை எல்லாம் உருவிவிட்டு, வேறு பச்சை சேருங்கள். பூ இன்னும் ஒரு வாரம் இருக்கும்.

தாமரை மொட்டு விரியவில்லை

வெட்டிய தாமரை மொட்டு தானாக விரியும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய. குளத்தில் சூரியனைப் பார்த்து விரிவது ஜாடியில் பெரும்பாலும் நடப்பதில்லை. இளமொட்டு அப்படியே கறுத்துப்போகும். கையால் விரிக்கத்தான் வேண்டும். கோயில் வாசலில் பூக்காரம்மாக்கள் செய்வதைக் கவனியுங்கள். மொட்டை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தட்டி இளக்குவார்கள். வெளி இதழை நகம் படாமல் வெளியே வளைத்து, நுனியை உள்பக்கம் மடித்து அடியில் செருகுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. நடுவில் ஒரு சின்ன மொட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். இப்படி மடித்த தாமரை இரண்டு நாள் முகம் வாடாமல் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அல்லி மூடிக்கொண்டது என்றால் பயப்பட வேண்டாம். வெள்ளல்லி இரவில் விரிந்து பகலில் கூம்பும், வெட்டிய பிறகும் அந்த வழக்கத்தை விடாது. மாலை விருந்தினர் வரும் நாளுக்கு ஏற்ற பூ.

பூ நிற்கவே மாட்டேன் என்கிறது, எல்லாம் ஒரு பக்கமாகச் சரிகிறது

இது பூவின் தவறில்லை, ஜாடியின் வாய் அகலம். பத்து பூவை அகன்ற வாயில் போட்டால் எல்லாம் விளிம்பில் சாய்ந்து நடுவில் பள்ளம் விழும். கடையில் வாங்கும் பச்சை ஸ்பாஞ்ச் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். மக்காத அந்தப் பொருளை வீட்டுக்குள் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஜாடியின் வாயை நன்றாகத் துடைத்து, செல்லோடேப்பை மேலே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள், கோலத்தின் கட்டம் போல. ஒரு கட்டத்துக்கு ஒரு காம்பு. முதலில் இலைகளைச் செருகுங்கள், அவை உள்ளே ஒன்றோடொன்று பின்னி வேலி போல நிற்கும். பூ கடைசியில். டேப் தெரிந்தால் ஓரத்து இலை மறைத்துக்கொள்ளும்.

டேப் பிடிக்காது என்றால் கையிலேயே கட்டுங்கள். ஒரு காம்பை நேராகப் பிடித்து, அடுத்ததை அதன்மேல் சாய்வாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே திசையில் சாய்த்துக்கொண்டே போனால் காம்புகள் முறுக்கிய குடை போல விரியும். சேரும் இடத்தில் வாழைநாரால் கட்டி, அடியைச் சமமாக வெட்டி ஜாடியில் இறக்குங்கள். முதல் நான்கு தடவை சரியாக வராது. ஐந்தாவது தடவை கைக்கு வந்துவிடும்.

உயரம் தெரியாமல்தான் பலருடைய ஜாடி தலைகனத்துக் கவிழ்கிறது. ஜாடிக்கு மேலே தெரியும் பூ, ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. லேசான கண்ணாடி பாட்டில் என்றால் அடியில் கழுவிய கூழாங்கல் போடுங்கள். பித்தளைச் செம்பு தன் கனத்தாலேயே நிற்கும், வாயும் குறுகல். எங்கள் வீட்டில் நான் அதிகம் எடுப்பது பாட்டி தண்ணீர் மொண்ட செம்பைத்தான்.

பச்சைக்கு என்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். குரோட்டன்ஸ் இலை, துளசிக் கதிர், மணிபிளான்ட் கொடி போதும். மணிபிளான்ட் ஜாடியிலேயே வேர்விட்டு மாதக்கணக்கில் இருக்கும், பூவை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். அரளியை மட்டும் எடுக்காதீர்கள். இலை, பூ மட்டுமில்லை, அது நின்ற தண்ணீர்கூட நஞ்சு.

லில்லியின் மகரந்தம் சுவரிலும் சட்டையிலும் பட்டுவிட்டது

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கிவிடும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். அடுத்த முறை பூ விரிந்த உடனே, பொடி உதிரும் முன், நடுவில் இருக்கும் பழுப்புத் தலைகளைக் கிள்ளிவிடுங்கள். பூனை வளர்ப்பவர்கள் லில்லியை வாங்கவே வேண்டாம். மகரந்தமும் ஜாடித் தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

எல்லாம் செய்தும் வாடுகிறது

சிவப்பு ரோஜா லேசாக நீலம் பாய்ந்து, கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தால் அது உண்மையான முதுமை. இதழுக்குள் புளிப்புத்தன்மை குறைவதால் நிறம் மாறுகிறது. அதற்கு மேல் வெட்டுவதாலும் தண்ணீர் மாற்றுவதாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. செம்பருத்திக்கு ஆயுளே ஒரு நாள்தான். அதைத் தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாலையில் கூம்பிவிடும், காலையில் பறித்துத் தட்டில் வைத்தால் போதும்.

முதுமையடைந்த கட்டில் நல்ல பூ நான்கைந்து மிஞ்சும். காம்பை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, டம்ளரில் நெருக்கமாக வையுங்கள். குட்டைக் காம்பில் தண்ணீர் ஏற வேண்டிய தூரம் குறைவு, அதனால் நெடிய ஜாடியில் சோர்ந்த பூவும் இதில் ஒரு நாள் இரண்டு நாள் நிமிர்ந்து நிற்கும். அன்று ஓசூர் ரோஜாவில் எழுந்த எட்டில் கடைசி மூன்று இப்படித்தான் ஒன்பதாம் நாள்வரை சமையலறை ஜன்னலில் இருந்தன.